ஒரு பொத்தான், பன்னிரண்டு ஒலிகள்

சென்னை ரிச்சி தெருவில் கைப்பேசி பழுது பார்க்கும் கடைகளில் அடிக்கடி காதில் விழும் புகார் ஒன்று உண்டு: "சத்தமே வரல, ஸ்பீக்கர் போயிடுச்சு." நோயோடு சேர்த்து அதன் காரணத்தையும் வாடிக்கையாளரே சொல்லிவிடுகிறார். வால்யூம் பொத்தானை அழுத்தியும் சத்தம் ஏறவில்லை என்றால் ஸ்பீக்கர்தான் போயிருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

அங்கே ஒரு கடையில் என் கைப்பேசியை நீட்டியபோது, கடைக்காரத் தம்பி திருப்புளியைத் தொடவே இல்லை. "அலாரம் வெச்சுப் பாருங்க சார்" என்றார். பாட்டு கேட்காத, யூடியூப் கேட்காத அந்தப் போனில் அலாரம் கடை முழுக்க அலறியது. "ரிங்கர் நல்லாத்தான் இருக்கு. சத்தம் வேற எங்கியோ போகுது" என்று சொல்லிவிட்டு, திரையை மேலிருந்து இழுத்து ப்ளூடூத்தை அணைத்தார். பாட்டு வந்துவிட்டது. காசு வாங்கவில்லை. அடியில் இருக்கும் பெரிய ஸ்பீக்கரைத்தான் தொழிலில் ரிங்கர் என்கிறார்கள். காதருகே இருக்கும் சிறியது இயர் ஸ்பீக்கர்.

ஒரே ஸ்பீக்கர் எப்படி அலாரத்துக்கு ஒலித்து, பாட்டுக்கு ஊமையாக இருக்கும்? ஒலியைக் கூட்டிக் குறைக்கும் அதிகாரம் எப்போது நம் விரலை விட்டுப் போனது? இந்தக் கேள்விகளைத் தொடர்ந்து போனதில் ஒரு நூற்றாண்டுப் பொறியியல் கதை கிடைத்தது.

வால்வு ரேடியோவில் இந்தக் குழப்பத்துக்கு வழியே இல்லை. குமிழுக்குப் பின்னால் வளைந்த கரித்தடம் ஒன்று இருக்கும். அதன் மேல் ஓர் உலோக நாக்கு உரசிக்கொண்டு நகரும். குமிழைத் திருகினால் மின்தடை மாறி, ஒலி கூடும், குறையும். தடம் தேய்ந்தால் திருகும்போது கரகரக்கும். பழுது எங்கே என்பதைக் காதே சொல்லிவிடும்.

ஸ்பீக்கரின் வம்சாவளி இன்னும் பழையது. காந்தப்புலத்துக்குள் அசையும் கம்பிச்சுருளுக்கு எர்ன்ஸ்ட் வெர்னர் சீமென்ஸ் 1874இல் காப்புரிமை பெற்றார். அதைக் கொண்டு ஒலியெழுப்பும் முறைக்கு ஆலிவர் லாட்ஜ் 1898இல் இங்கிலாந்தில் உரிமை வாங்கினார். இரண்டுக்கும் அப்போது போதிய மின்பெருக்கி கிடையாது. பெருக்கி வந்த பிறகு, 1925இல், ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாகும் தங்கள் ஆய்வுக் கட்டுரையில் ஒரு வடிவத்தை முன்வைத்தார்கள்: சிறிய கூம்பு, அதன் அடியில் கம்பிச்சுருள், சுருளைச் சூழ்ந்த காந்தம். அடுத்த ஆண்டே அது 'ரேடியோலா 104' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இன்று சட்டைப் பையில் இருக்கும் போனைப் பிரித்தால் அதே மூன்று உறுப்புகளைப் பார்க்கலாம். கூம்பு மட்டும் மெல்லிய தட்டைச் சவ்வாக மாறியிருக்கிறது. பெரிய காந்தத்தை விரல்நுனி அளவுக்குச் சுருக்கியது நியோடிமியம். 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாடோ சகாவாவும் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் ஜான் குரோட்டும் தனித்தனியாகக் கண்டடைந்த காந்தம் அது.

ஆக, நூறு ஆண்டுகளில் ஸ்பீக்கரின் அடிப்படை மாறவில்லை. காணாமல் போனது குமிழ்தான்.

கைப்பேசியின் பக்கவாட்டுப் பொத்தானுக்கு அடியில் குவிந்த உலோகத் தகடு ஒன்று இருக்கிறது. அழுத்தினால் அது மடங்கித் தொடும். ஃப்ளெக்ஸ் என்ற மெல்லிய பட்டை வழியாக நுண்செயலிக்கு ஒரு தகவல் போகும். பொத்தானின் வேலை அதோடு முடிந்தது. ஒலி மின்சாரம் இந்தப் பக்கமே வருவதில்லை. வாசலில் இருக்கும் அழைப்பு மணியை அழுத்துவது மாதிரிதான் இதுவும்: கதவைத் திறப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பவர் உள்ளே இருக்கிறார்.

அந்த உள்ளே இருப்பவரைப் பார்க்க முடிகிறது என்பதுதான் இந்தத் தேடலில் எனக்குக் கிடைத்த பெரிய மகிழ்ச்சி. ஆண்ட்ராய்டின் மூல நிரலைக் கூகுள் பொதுவில் வைத்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அதில் 'ஆடியோசர்வீஸ்' என்ற நீண்ட கோப்பில், ஒலிகள் வகை வகையாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. அழைப்பு, அழைப்பு மணி, பாட்டும் வீடியோவும், அலாரம், அறிவிப்பு, எண்களைத் தட்டும் ஓசை, பார்வையற்றோருக்குத் திரையை வாசிக்கும் குரல் என்று இன்றைய பதிப்புகளில் மொத்தம் பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உச்ச அளவு, தனித்தனிக் குறைந்தபட்ச அளவு. பாட்டுக்கு 15 படிகள். அழைப்பு மணிக்கும் அலாரத்துக்கும் 7. பேசும் குரலுக்கு வெறும் 5. போன் தயாரிப்பவர்கள் இவற்றை மாற்றிக்கொள்ளலாம். மாற்றாவிட்டால் இவைதான் கணக்கு. பேசும்போது பொத்தானை ஒருமுறை தட்டினாலே சத்தம் சட்டென்று ஏறுவதற்கும், பாட்டில் மெல்ல மெல்ல ஏறுவதற்கும் இதுதான் காரணம்.

குறைந்தபட்ச அளவுகளின் பட்டியல் இன்னும் முக்கியமானது. பாட்டின் அடிமட்டம் 0. அழைப்பு மணிக்கும் அதே 0. அலாரத்துக்கு 1, பேசும் குரலுக்கும் 1. எவ்வளவு அழுத்திக் குறைத்தாலும் இந்த இரண்டும் முழுசாக ஊமையாகாது. தூங்குகிறவரை எழுப்ப வேண்டிய ஒலி தவறுதலாகக்கூட அணைந்துவிடக் கூடாது என்று யாரோ ஒரு பொறியாளர் யோசித்திருக்கிறார். ரிச்சி தெருத் தம்பியின் அலாரச் சோதனை ஏன் பலிக்கிறது என்பது இங்கே விளங்கியது. ஹெட்போன் மாட்டியிருந்தாலும் அலாரம் போனின் சொந்த ஸ்பீக்கரிலும் சேர்ந்தே ஒலிக்கும், ஐபோனிலும் அப்படித்தான். எனவே அலாரம் கேட்டால் சுருளும் சவ்வும் உயிரோடு இருக்கின்றன என்று அர்த்தம். அந்தத் தம்பி இந்த நிரலைப் படித்தவரில்லை. கைக்கு வந்த போன்களிலிருந்து அதே முடிவுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்.

பன்னிரண்டு ஒலிகள், ஒரு பொத்தான். எதைக் கூட்டச் சொல்கிறோம் என்று போன் ஊகிக்க வேண்டியிருக்கிறது. அழைப்பில் இருந்தால் குரலைக் கூட்டும்; பாட்டு ஓடினால் பாட்டை. எதுவுமே ஓடாதபோது? 2018இல் வந்த ஆண்ட்ராய்டு 9 இந்த இடத்தில் வழக்கத்தை மாற்றியது. அதுவரை சும்மா இருக்கும் போனில் பொத்தானை அழுத்தினால் அழைப்பு மணி ஏறி இறங்கும். அதன் பிறகு பாட்டின் அளவு ஏறி இறங்கத் தொடங்கியது. வருடக்கணக்காக விரலுக்குப் பழகியிருந்த ஒன்று ஒரு அப்டேட்டில் தலைகீழானது. முழு வால்யூம் வைத்தும் மணி கேட்கவில்லை என்று கடைக்குப் போனை எடுத்துவரும் பெரியவர்களை யோசித்துப் பாருங்கள். அவர்கள் ஏற்றியது பாட்டை; மணி பழைய இடத்திலேயே கிடந்தது. பொத்தானை அழுத்தியதும் திரையோரம் ஒரு பட்டை தோன்றும். அதன் மேலோ கீழோ இருக்கும் சிறு குறியைத் தொட்டால் எல்லா வகைகளும் வரிசையாக விரியும். ஐபோனில் அமைப்புகளுக்குள், ஒலிக்கான பகுதியில், பொத்தானால் அழைப்பு மணியையும் மாற்றலாமா என்று தனியாக ஒரு தேர்வு உண்டு. அதை அணைத்து வைத்திருந்தால் பொத்தான் மணியைத் தொடாது. இவ்வளவு முக்கியமான தேர்வுகளை இவ்வளவு ஆழத்தில் புதைத்து வைப்பது சரியில்லை என்றே நினைக்கிறேன்.

அளவு ஒரு பக்கம் இருக்க, ஒலி எந்த வழியாக வெளியேறுகிறது என்பது அடுத்த கேள்வி. ப்ளூடூத் இயர்பட் அடுத்த அறையில் மூடி திறந்து கிடந்தால் போதும். பாட்டு அங்கே போய்விடும். ஹெட்போன் துளை உள்ள போன்களில் துளைக்குள் ஒரு சிறு தொடுமுனை இருக்கிறது, பிளக் நுழைந்ததா என்று அறிய. பையின் பஞ்சும் ஈரமும் சேர்ந்து அதை ஏமாற்றினால், எதுவும் மாட்டாத போன் ஹெட்போன் குறியைக் காட்டிக்கொண்டே இருக்கும். வாட்ஸ்அப் குரல் பதிவுகளின் கதை வேறு. போனைக் காதருகே கொண்டுபோனால் ஒலி ரிங்கரிலிருந்து இயர் ஸ்பீக்கருக்கு மாறும். அருகில் ஏதேனும் இருக்கிறதா என்று பார்க்கும் உணரி திரையின் மேல்விளிம்பில் இருக்கிறது. சரியாக வெட்டப்படாத டெம்பர் கிளாஸ் அதை மறைத்துவிட்டால், குரல் பதிவு எப்போதும் காதுக்குள் மட்டும் முணுமுணுக்கும். பாட்டு நன்றாகக் கேட்டு, குரல் பதிவு மட்டும் கேட்காவிட்டால் கிளாஸைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

சத்தம் தானாகக் குறைகிறது என்று ஒரு புகாரும் உண்டு. ஹெட்போனில் உரக்க நெடுநேரம் கேட்பதால் வரும் செவிக் கேட்டைத் தடுக்க ஐரோப்பாவில் தரவிதி உண்டு. அதற்கேற்ப ஆண்ட்ராய்டு கணக்கு வைத்திருக்கிறது: பாதுகாப்பான அளவுக்கு மேல் வைத்துக் கேட்ட நேரம் மொத்தம் 20 மணி நேரத்தைத் தொட்டால், ஒலியைப் பழைய வரம்புக்கு இறக்கி, மறுபடி ஏற்றுவதற்கு ஒப்புதல் கேட்கும். இது எந்த நாட்டில் நடப்பில் இருக்கும் என்பது போனின் அமைப்பைப் பொறுத்தது.

இத்தனை வாசல்களையும் பார்த்தாயிற்று, அலாரமும் கேட்கவில்லை என்றால்தான் வன்பொருளின் பக்கம் போக வேண்டும். பல சாம்சங் போன்களில் எண் பலகையில் *#0*# என்று தட்டினால் சோதனைத் திரை திறக்கும்; ஸ்பீக்கரையும் இயர் ஸ்பீக்கரையும் தனித்தனியே ஒலிக்க வைத்துப் பார்க்கலாம். ஆண்ட்ராய்டில் சேஃப் மோடு என்ற நிலை, பின்னால் ஏற்றிய செயலிகளை நிறுத்திவைத்துப் போனை எழுப்பும். அங்கே சத்தம் வந்தால் குற்றவாளி ஏதோ ஒரு செயலி. சுவையான தகவல் ஒன்று: பல போன்களில் எழும்போது வால்யூம் குறைப்புப் பொத்தான் அழுந்தியிருந்தாலே சேஃப் மோடு வந்துவிடும். அழைக்காமலே அந்த நிலை அடிக்கடி வருகிறதென்றால், உறையின் இறுக்கத்திலோ அழுக்கிலோ அந்தப் பொத்தான் சிக்கிக் கிடக்கிறது. சத்தம் தானே பூஜ்யத்துக்கு இறங்குவதற்கும் அதுவே காரணமாக இருக்கும்.

கடையில் மல்டிமீட்டர் வெளியே வருவது இதற்குப் பிறகுதான். ரிங்கரின் சுருள் பெரும்பாலும் 8 ஓம் அளவில் காட்டும். முள் அசையாவிட்டால் சுருள் அறுந்திருக்கிறது. புதியது போட வேண்டியதுதான். சுருள் சரியாக இருந்தும் ஒலி இல்லையென்றால் ஃப்ளெக்ஸ், அதன் பிறகு மின்சுற்றுப் பலகையில் இருக்கும் ஆடியோ ஐசி என்ற சில்லு.

ஐசி வரை போகும் பழுதுக்கு உலகறிந்த எடுத்துக்காட்டு 2016இல் வந்த ஐபோன் 7. அழைப்பின் நடுவே ஸ்பீக்கர் குறி மங்கிப் போய் அழுத்த முடியாமல் நிற்கும். குரல் பதிவு வேலை செய்யாது. முற்றிய நிலையில் போன் எழவே நெடுநேரம் பிடிக்கும். பயனர்களுக்கு இது மென்பொருள் கோளாறாகவே தெரிந்தது. நுண்ணோக்கி வைத்து வேலை செய்யும் சுயேச்சைத் தொழில்நுட்பர்கள்தான் வேரைத் தொட்டார்கள்: பலகை லேசாக வளையும்போது, ஆடியோ ஐசியின் அடியில் இருக்கும் நுண்ணிய ஈயப்பற்று இணைப்பு பலகையிலிருந்து பிரிந்துவிடுகிறது. ஐசியைச் சூடாக்கி எடுத்து, அறுந்த இடத்தில் மயிரிழைக் கம்பியால் ஜம்பர் போட்டு, மறுபடி அமர்த்துவதே வைத்தியம். அமெரிக்காவில் வழக்கு நடந்தது. ஆப்பிள் தவறை ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் 3.5 கோடி டாலர் தர உடன்பட்டது. பழுதுக்காக நிறுவனத்திடம் பணம் கட்டியவர்களுக்கு அதிகபட்சம் 349 டாலர். ஈயப்பற்றின் ஒரு புள்ளி விட்டுப்போனதற்கு இத்தனை பெரிய தொகை!

இந்த அரிய பழுதை விட அன்றாடம் நடப்பது தூசியும் தண்ணீரும். ரிங்கரின் வாயில் இருக்கும் நுண்வலையில் மாவும் எண்ணெய்ப் பிசுக்கும் அடைந்தால் ஒலி நின்றுவிடாது. கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் தேயும். காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் பக்கவாட்டில் வருடினால் போதும். ஊசியை விட்டுக் குத்தினால் வலையும் கிழியும், பின்னால் உள்ள சவ்வும் கிழியும். நனைந்த போனை அரிசிப் பானைக்குள் போடும் வழக்கத்தை ஆப்பிளே தன் உதவிப் பக்கத்தில் வேண்டாமென்கிறது. அரிசியின் துகள்கள் உள்ளே போகும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். துளைகள் கீழ்நோக்கி இருக்குமாறு பிடித்து உள்ளங்கையில் மெல்லத் தட்டி, காற்றோட்டமான இடத்தில் வைத்துவிட்டு, முழுசாகக் காயும்வரை சார்ஜ் போடாமல் இருந்தால் பெரும்பாலான ரிங்கர்கள் தாமாகவே குரலை மீட்டுக்கொள்கின்றன.