எம் வீட்டு மச்சு

கங்கைகொண்டானில் எமது ஓட்டு வீட்டின் மச்சு, சித்திரை பிறந்தால் காளவாய் போலாகிவிடும். கீழறையில் நோயுற்றிருந்த ஆச்சி இரவெல்லாம் உறக்கமின்றி வருந்தினார்கள். மச்சிலிருந்த அண்டாக்களையும் புளிப்பானைகளையும் விதைநெல்லையும் வேறெங்கும் வைக்க இடமில்லை.

உமிக்குள் அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதிற் கடத்தாது என்பது யாம் வகுப்பிற் கற்றது. ஆகவே மச்சுப் பலகைமீது உமியைச் சாண் உயரம் பரப்பி, சாமான்களை அதன்மேல் ஏற்றினோம். இரண்டே நாளில் அண்டாக்களின் கீழ் உமி ஒதுங்கிப் பலகை தெரிந்தது. வெப்பமும் முன்போலவே இறங்கிற்று. ஆசாரியார் வந்து பார்த்து, "பாரத்தை உமியா சுமக்கும்?" என்று நகைத்தார். பனஞ்சட்டங்களைக் குறுக்கே பரப்பி, இடையிடையே உமியை நிரப்பி, மேலே பலகை தைத்தார். பாரம் சட்டத்தின்மேல் நின்றது, உமி கலையவில்லை.

ஆச்சி உறங்கினார்கள். ஆயின் மச்சின் வெப்பம் மச்சிலேயே தங்கிற்று. அது விதையின் முளைப்புக்கு ஆகாது. விதைநெல்லை மட்டும் இறக்கி ஆச்சியின் கட்டிலடியில் வைத்தோம்.