வோஜிரார் வீதியில் ஒரு கல்லறை

பாரிஸ் மாநகருக்குத் திருப்பயணம் செல்வோர் பெரும்பாலும் நோத்ர்தாம் பேராலயத்தையும், மோன்மார்த்ர் குன்றிலுள்ள இயேசுவின் திருஇருதய ஆலயத்தையும், 1830-ஆம் ஆண்டில் அன்னை மரியா புனித கத்தரீன் லபூரேக்குக் காட்சியளித்த பாக் வீதிச் சிற்றாலயத்தையும் கண்டு மகிழ்ந்து திரும்புவர். இவற்றோடு காணத்தக்க இன்னோர் இடமும் அங்கு உண்டு. லக்சம்பர்க் பூங்காவுக்கு அண்மையில், வோஜிரார் வீதியில், கார்மேல் துறவிகளின் பழைய ஆலயம் ஒன்று நிற்கிறது. அதன் நிலவறையில் ஒரு பொதுநிலையினர் துயில்கின்றார். நம் பங்குகளில் ஏழைகளின் இல்லங்களை நாடிச் செல்லும் புனித வின்சென்ட் தே பவுல் சபையைத் தோற்றுவித்தவர்களுள் தலையாயவரான பிரெடெரிக் ஓசானாம்தான் அவர்.

அந்த ஆலயம் இரத்தத்தால் புனிதமடைந்தது. பிரெஞ்சுப் புரட்சியின் கொந்தளிப்பில், 1792 செப்டம்பர் 2 அன்று, மனச்சான்றுக்கு மாறாக உறுதிமொழி எடுக்க மறுத்த நூற்றுக்கும் மேற்பட்ட ஆயர்களும் குருக்களும் அங்கே வெட்டிக் கொல்லப்பட்டனர். அம்மறைசாட்சிகளின் எலும்புகள் காக்கப்படும் நிலவறையிலேயே ஓசானாமின் கல்லறையும் உள்ளது. சுவரில் நல்ல சமாரியரின் ஓவியம் தீட்டப்பட்டிருக்கிறது. விசுவாசத்துக்காக உயிர் துறந்தோரும், அவ்விசுவாசத்தை ஏழையின் குடிசையில் வாழ்ந்து காட்டியவரும் ஒரே கூரையின்கீழ் இளைப்பாறுவதை எண்ணுங்கால் நம் உள்ளம் நெகிழ்கின்றது.

ஓசானாம் 1813 ஏப்ரல் 23 அன்று இத்தாலியின் மிலான் நகரில் பிறந்து, பிரான்சின் லியோன் நகரில் வளர்ந்தவர். தந்தையார் மருத்துவர், ஏழை நோயாளிகளிடம் பரிவு மிக்கவர். சட்டம் பயில 1831-இல் மகன் பாரிசுக்கு வந்தபோது, பல்கலைக்கழகச் சூழலில் மறையை ஏளனம் செய்வது நாகரிகமாயிருந்தது. எனினும் மின்னியல் அறிஞர் ஆம்பேர் தம் இல்லத்திலேயே அவருக்கு இடமளித்தார். அப்பேரறிஞர் ஆலயத்தின் ஒரு மூலையில் முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லக் கண்டு இளைஞர் உறுதி பெற்றார் என்பர்.

1832-இல் காலரா பாரிசைச் சூறையாடியது. 18,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்நாள்களில் கத்தோலிக்க மாணவர்கள் தம் மறையைக் காக்க விவாத மன்றங்களில் வாதிட்டு வந்தனர். திருச்சபை முற்காலத்தில் நற்செயல்கள் புரிந்தது உண்மையே; இன்று நீங்கள் செய்வதென்ன என்று எதிர்த்தரப்பினர் கேட்டனர். அவ்வினா ஓசானாமின் நெஞ்சில் தைத்தது. வாதத்தால் அதற்கு விடை கூற இயலாது என்பதை அவர் உணர்ந்தார்.

1833 ஏப்ரல் 23, அவருடைய 20-ஆம் பிறந்தநாள். புனித சுல்பீஸ் ஆலயத்துக்கு அருகே, எம்மானுவேல் பாயி என்னும் பத்திரிகையாசிரியரின் அலுவலகத்தில் ஆறு மாணவர்கள் கூடினர். மூத்தவரான பாயி தலைமை ஏற்றார். ஏழு பேரும் பொதுநிலையினரே. ஏழைகளை எங்குத் தேடுவது, எவ்வாறு அணுகுவது என்பதை அவர்களுக்குக் கற்பித்தவர் பிறரன்புப் புதல்வியர் சபையின் அருட்சகோதரி ரொசாலி ரெந்து ஆவார். மூஃப்தார் பகுதியில் அரை நூற்றாண்டுக்கு மேல் ஏழைகளுக்கு ஊழியம் செய்த அவ்வம்மையார் 2003-இல் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்டார்.

புனித ஜெனவியேவ் குன்றிலிருந்து மூஃப்தார் வீதி வழியாக இறங்கினால், இன்று பழக்கடைகளும் பாலாடைக்கட்டி மணமும் உணவகங்களின் ஆரவாரமும் நம்மை எதிர்கொள்கின்றன. அன்றோ அது பாரிசின் மிக வறிய பகுதிகளுள் ஒன்று. தோல் பதனிடுவோரும் கந்தல் பொறுக்குவோரும் ஈரம் ஊறிய அறைகளில் நெருங்கி வாழ்ந்தனர். அப்படிகளில் அம்மாணவர்கள் ரொட்டிச் சீட்டுகளோடு வாரந்தோறும் ஏறினர். பொருளைக் கொடுத்துவிட்டு விரைதல் அவர்கள் வழக்கமன்று. அமர்ந்து உரையாடுவர், பிள்ளைகளின் படிப்பை விசாரிப்பர், அடுத்த வாரமும் வருவர்.

ஓசானாம் இல்லறத்தாரும் ஆவார். 1841-இல் அமேலி அம்மையாரை மணந்தார். மரீ என்னும் மகள் பிறந்தாள். சொர்போன் பல்கலைக்கழகத்தில் இலக்கியப் பேராசிரியராகத் திகழ்ந்தார். அவர் வரலாற்றில் ஒரு புத்தாண்டு நிகழ்ச்சி சொல்லப்படுகிறது. அவர் அறிந்த ஏழைக் குடும்பம் ஒன்று, திருமண நினைவாக வைத்திருந்த இழுப்பறைப் பெட்டியை அடகு வைத்திருந்தது. அதை மீட்டுத்தர அவர் விரும்பினார். மனைவி தக்க காரணங்கள் காட்டித் தடுக்கவே, இசைந்துவிட்டார். மாலையில் மகளைச் சூழ்ந்து கிடந்த விளையாட்டுப் பொருள்களையும் தின்பண்டங்களையும் பார்த்தவருக்கு வாயில் எதுவும் இறங்கவில்லை. அவர் முகவாட்டத்தைக் கண்ட அமேலி, போய் மீட்டுக் கொடுங்கள் என்று தாமே வேண்டினார். பெட்டி அன்றே உரியவரிடம் சேர்ந்தது. பேராசிரியரும் மகிழ்வோடு வீடு திரும்பினார். குடும்பத் தலைவர் ஒருவரின் பிறரன்பு மனைவியின் மனத்தையும் தன்னோடு சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாய் யார் உணர்த்த இயலும்?

தருமம் மட்டும் போதுமென்று அவர் எண்ணினாரல்லர். காயத்துக்கு எண்ணெய் வார்ப்பது அன்பின் பணி; காயம் நேராமல் தடுப்பது நீதியின் பணி என்பது அவர் கொள்கை. 1848 ஜூனில் பாரிஸ் வீதிகளில் உழைப்பாளர்க்கும் படையினர்க்கும் போர் மூண்டபோது, சமாதானம் பேசச் செல்லுமாறு பேராயர் அஃப்ரைத் தூண்டியவர்களுள் அவரும் ஒருவர். தடுப்பரண் அருகே குண்டடிபட்ட பேராயர் இரு நாள்களில் உயிர் நீத்தார்.

ஓசானாமின் உடல்நலமும் குன்றியது. இத்தாலியில் தங்கியிருந்து திரும்புகையில், 1853 செப்டம்பர் 8 அன்று, மர்சேய் துறைமுக நகரில், 40-ஆம் வயதில் அவர் இறைவனடி சேர்ந்தார். வேளாங்கண்ணியில் நம் மக்கள் ஆரோக்கிய அன்னைக்கு விழா எடுக்கும் நாளும் அதுவே. 1997 ஆகஸ்டு 22 அன்று, நோத்ர்தாம் பேராலயத்தில், திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார்.

ஏழு பேரோடு தொடங்கிய அச்சபை இன்று ஏறத்தாழ 150 நாடுகளில் பரவியுள்ளது. இந்தியாவில் 1863-இல் பம்பாயில் அது வேரூன்றியது. நம் பங்குகளில் அதன் கூட்டங்களில் ஒரு பை கைமாறிச் செல்வதைக் கண்டிருப்போம். யார் எவ்வளவு இட்டார் என்பதை எவரும் அறியார். ஆனால் பையில் இடுவதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. நம் தெருவின் கடைசி வீட்டில் படுத்திருக்கும் முதியவரின் பெயரையேனும் நாம் அறிவோமா? அவர் வாசற்படியில் நம் பிள்ளைகளின் கால் பட்டதுண்டா? இன்று நீங்கள் செய்வதென்ன என்று 1833-இல் பாரிசில் எழுந்த வினா, இன்று நம் இல்லங்களை நோக்கியும் எழுகின்றது. அதற்கான விடையை நாம் நடந்து சென்றே அளிக்க வேண்டும்.