பரியா, நரியா?

ஆரியங்கோட்டில் குதிரை கிடையாது. ரப்பர் உண்டு, மரச்சீனி உண்டு, வீட்டுக்கு இரண்டு பலா உண்டு, மழை பெய்தால் வழுக்கும் செம்மண் ஏற்றம் உண்டு. ஆனாலும் அந்த ஊரில் என் அக்காள் வீட்டில் மூன்று மாதமாகக் குதிரையைத் தவிர வேறு பேச்சில்லை. காரணம் அவள் மகள். வயது பன்னிரண்டு. குதிரையேற்றம் கற்றே தீருவேன் என்று பிடிவாதம்.

திருச்சூர் மாவட்டத்து மாளையில் 2019இல் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி பரீட்சை எழுதக் குதிரையில் பள்ளிக்குப் போனாள். அந்த வீடியோ நாடு முழுக்கச் சுற்றியது. பல வருஷம் கழித்து அது என் மருமகளின் கண்ணில் பட்டிருக்கிறது. போதாதற்கு, பத்மநாபசுவாமி கோயில் ஆறாட்டு ஊர்வலத்தில் போலீஸ் குதிரைகளையும் நேரில் பார்த்துவிட்டாள். மஸ்கட்டிலிருக்கும் அத்தான் போனில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "ரெண்டு இடம் இருக்காம். உன் தம்பி வந்து பாத்துச் சொல்லட்டும்."

எனக்கும் குதிரைக்கும் உள்ள சம்பந்தம் தமிழ் எம்.ஏ. பாடத்தோடு முடிந்தது. கடல் வழியே வந்து பூம்புகாரில் இறங்கிய புரவிகள் தெரியும். ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்துத் தூண்களில் முன்னங்கால் தூக்கி நிற்கும் கல் குதிரைகள் தெரியும். ஊர் எல்லையில் அய்யனாருக்குக் காவல் நிற்கும் மண் குதிரைகள் தெரியும். சாணி போடும் குதிரையை அருகில் நின்று பார்த்ததில்லை. இருந்தாலும் தாய்மாமன் பதவி சும்மா வருவதில்லை. சென்னையில் ரயிலேறினேன்.

குழித்துறையில் இறங்கி, மார்த்தாண்டத்தில் பஸ் பிடித்து, பனச்சமூடு சந்தையைத் தாண்டினால் கேரளம். தாண்டியது தெரியாது. கடைப் பலகைகளில் எழுத்து மாறும்போதுதான் தெரியும். அதுவும் முழுதாக மாறாது. வெள்ளறடை வழியாக ஆரியங்கோடு போய்ச் சேரும்வரை பஸ்ஸில் கேட்ட பேச்சில் எந்த வாக்கியம் தமிழ், எந்த வாக்கியம் மலையாளம் என்று பிரிக்க, மொழிபெயர்ப்பில் பிழைப்பு நடத்தும் எனக்கே சிரமமாக இருந்தது. "கொள்ளாம்" என்ற சொல்லுக்கு இங்கே எல்லை கிடையாது.

ஆரியங்கோடு, பழைய நெய்யாற்றின்கரை தாலுகாவைச் சேர்ந்த ஒரு கிராமப் பஞ்சாயத்து. சட்டசபைத் தொகுதி பாறசாலை. 1888இல் நாராயண குரு சிவலிங்கம் நிறுவிய அருவிப்புறம் அதிக தூரமில்லை. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்ட தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1954 ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் குமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. அக்காளின் மாமனாருக்கு எண்பது தாண்டிவிட்டது. அவருடைய தங்கை கட்டிக்கொடுத்த இடம் அந்தப் பக்கம். நெய்யாறு இடதுகரைக் கால்வாயில் விளவங்கோட்டுக்கு வந்துகொண்டிருந்த தண்ணீர் 2004இல் நின்றபோது, அண்ணன் வயலில் ஈரம், தங்கை வயலில் வெடிப்பு.

குதிரைப் பள்ளிகள் இரண்டும்கூட எல்லைக்கு ஆளுக்கொரு பக்கம்தான். எது எந்தப் பக்கம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் இன்னொரு எல்லைத் தகராறாகிவிடும்.

ஞாயிறு காலை முதல் பள்ளிக்குப் போனோம். சுண்ணாம்படித்த வேலி, வண்ணக்கொடிகள், போட்டோ எடுக்க ஒரு மேடை, சட்டமிட்ட சான்றிதழ்கள். ஆறு குதிரைகள். நடத்துபவர் என்னிடம் தமிழிலும் அக்காளிடம் மலையாளத்திலும் குதிரையிடம் இந்தியிலும் பேசினார். "பத்து வகுப்பு சார். பத்தாம் நாள் பாப்பா தனியா ஓட்டும்." ஐந்து நிமிடத்தில் ஒரு வெள்ளைக் குதிரையின் மேல் அவளை ஏற்றிவிட்டார்கள். தலையில் வைத்த ஹெல்மெட் முந்தின பையனிடமிருந்து கழற்றியது. நாடா கட்டுமிடத்தில் தொங்கியது. அதையெல்லாம் அப்போது யார் பார்த்தார்கள்? இரண்டு சுற்று முடிந்து இறங்கியபோது அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்து அக்காளின் கண்கள் கலங்கின. "வெள்ளை, வெள்ளை" என்று அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றாள். பெயரும் வைத்தாகிவிட்டது.

மாலையில் இரண்டாவது பள்ளி. கொடி இல்லை, மேடை இல்லை. மூன்று குதிரைகள், மூன்றும் மங்கிய பழுப்பு. நடத்துபவர் ராணுவத்தில் குதிரைகளோடு இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சு குறைவு. கட்டணம் முதல் இடத்தைப்போல ஒன்றரை மடங்கு. ஏற்றிப் பார்க்கட்டுமா என்று கேட்டதற்குத் தலையாட்டி மறுத்துவிட்டு, மருமகளின் கையில் ஒரு தூரிகையையும் குளம்பு சுரண்டும் இரும்புக் கொக்கியையும் கொடுத்தார். "மொதல் ரெண்டு வாரம் இதான் மக்களே. சாணி அள்ளணும். தேய்ச்சு விடணும். காலைத் தூக்கிக் கொடுக்கிற அளவுக்கு அது உன்னை நம்பட்டும். பொறவு ஏறலாம்." அவள் முகம் விழுந்துவிட்டது.

நான் கேட்டதற்கெல்லாம் அவர் குதிரையின் உடம்பிலிருந்துதான் பதில் சொன்னார். குளம்பு நம் நகத்தைப் போல வளர்ந்துகொண்டே இருக்கும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவி லாடம் மாற்ற வேண்டும். இந்த ஊர் மழைக்குத் தரை ஈரமாகவே கிடந்தால் உள்ளங்குளம்பு அழுகும். அதனால் லாயத்துத் தரைதான் முதல் செலவு. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உடம்பின் அளவுக்கு வயிறு சிறியது. ஒரே வேளையில் கொள்ளைக் கொட்டிவிட்டால் வயிற்றுவலியே உயிரை வாங்கிவிடும். பகல் முழுக்கப் புல், தீவனம் கொஞ்சம் கொஞ்சமாக. வெயில் காலத்தில் ஒரு நாளைக்கு நாற்பது லிட்டர் தண்ணீர்கூடக் குடிக்கும். சுமக்கும் எடை அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. நானூறு கிலோ குதிரை என்றால் சேணத்தையும் சேர்த்து எண்பது கிலோ. அதற்கு மேலுள்ள ஆள் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவாராம்.

ஏறிய பிறகும் முதல் சில வாரங்கள் கடிவாளம் கையில் கிடையாது. குதிரையை நீண்ட கயிற்றில் பிடித்துக்கொண்டு அவர் நடுவில் நிற்பார். பிள்ளை அதன் முதுகில் வட்டமாகச் சுற்றி, விழாமல் உட்காரப் பழக வேண்டும். கையை நம்பி உட்காருகிறவர்கள் கடிவாளத்தை இழுத்து இழுத்துக் குதிரையின் வாயைப் புண்ணாக்கிவிடுவார்களாம். குதிகால் வைத்த ஷூ கட்டாயம். இல்லாவிட்டால் பாதம் அங்கவடிக்குள் நழுவி மாட்டிக்கொள்ளும். விழுந்தவரைக் குதிரை இழுத்துக்கொண்டு ஓடுவது அப்படித்தான். ஹெல்மெட் ஆளுக்கொன்று, தாடைக்குக் கீழே இறுக்கிக் கட்டியது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுகை. "மாமா, எனக்க வெள்ளை அங்க நிக்குது. இந்த ஆளு சாணி வார விடுதாரு." இராத்திரி மரச்சீனியும் மீன்கறியும் தொடாமல் படுத்துவிட்டாள். அக்காளும் அவள் பக்கம்தான். கட்டணம் குறைவு, பிள்ளைக்குப் பிடித்திருக்கிறது, பிறகென்ன?

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்த நண்பரை போனில் பிடித்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "அவங்க எதிர்பார்க்காத நேரத்துல போய்ப் பார்த்தியா?"

சட்டென்று திருவிளையாடல் நினைவுக்கு வந்தது. குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்தனுப்பிய பணத்தை மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவிட்டுவிடுகிறார். சிவன் நரிகளைப் பரிகளாக்கி, தானே குதிரைச் சேவகனாக மதுரைக்கு ஓட்டி வருகிறார். பகலில் பார்த்த அரசனுக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. பரிசு கொடுத்து அனுப்புகிறான். இராத்திரியானதும் அத்தனையும் மறுபடி நரியாகி, லாயத்திலிருந்த பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடுகின்றன. பக்திக் கதைதான். ஆனால் குதிரை வாங்குகிறவனுக்கும் அதில் ஒரு பாடம் இருக்கிறது. கொண்டுவந்து காட்டுகிற நேரத்தில் பார்த்தது போதாது.

செவ்வாய்க்கிழமை நடுப்பகல். சொல்லாமல் கிளம்பினோம். நான், அக்காள், பள்ளிக்கு மட்டம் போட்ட மருமகள். முதலில் பழுப்புக் குதிரைகள். மூன்றும் நிழலில் சேணமில்லாமல் நின்று புல் மென்றுகொண்டிருந்தன. தொட்டியில் தண்ணீர். பெரியவர் ஒரு குதிரையின் காலை மடியில் வைத்துக் குளம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டு எழுந்திருக்கவில்லை. எழுந்தால் குதிரை காலை உதறிவிடும் என்றார்.

பிறகு கொடிகள் பறந்த இடம். நடத்துபவர் இல்லை. வெள்ளை, வெயிலில் கயிற்றில் கட்டப்பட்டு, சேணத்தோடு நின்றது. வாளி காலி. குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் வடநாட்டு இளைஞன் நல்ல பையன், என் அரைகுறை இந்திக்கு இரங்கிச் சேணத்தைத் தூக்கிக் காட்டினான். முதுகின் மேட்டில் ரூபாய் அகலத்துக்குப் புண். ஈ மொய்த்தது. ஞாயிறன்று அதன் மேல் நாற்பது பேர் ஏறினார்களாம். அந்த நாற்பதில் ஒருத்தி என் பக்கத்தில் நின்றாள். வாயைத் திறக்கவில்லை. ஞாயிறன்று வாரை இறுக்கியபோது அது காதை மடக்கி வாலைச் சுழற்றியது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அது சொல்லத்தான் செய்தது. எங்களுக்குத்தான் மொழி தெரியவில்லை.

மார்கோ போலோ பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்தவர். மன்னர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்குவதையும், வருஷம் முடிவதற்குள் அவற்றில் பெரும்பாலானவை செத்துப்போவதையும் எழுதியிருக்கிறார். பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லை என்பது அவர் சொல்லும் காரணம். விற்ற வியாபாரிகள், தெரிந்தவர்களை இங்கே வரவும் விடவில்லையாம். குதிரை சாகச் சாகத்தானே புதிதாக விற்க முடியும்? எழுநூறு வருஷம் கழிந்தும் குதிரை ஏறுவதில் நமக்கிருக்கும் ஆசை, குதிரையை வைத்துக்கொள்வதில் வளரவில்லை.

நடத்துபவரைப் போனில் பிடித்தேன். சண்டை போடவில்லை. புண்ணோடு இருக்கும் விலங்கை வேலை வாங்குவது 1960ஆம் வருஷத்து விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதைச் சொன்னேன். "சீசன் சார். நாளைக்கே டாக்டரைக் கூப்பிடறேன்" என்றார். நாளையே என்ற வார்த்தையை நம்பி வந்துவிட்டேன். அங்கேயே நின்று மருத்துவரை வரவழைத்திருக்க வேண்டும். அது இன்றும் உறுத்துகிறது.

அன்று இரவு திண்ணையில் மாமனார் வெற்றிலை இடித்தபடி எல்லாவற்றையும் கேட்டார். "அம்பத்தாறுல எங்களக் கூட்டிட்டுப் போயி ரெண்டு பக்கத்தையும் காட்டி, எது வேணும்னு யாரும் கேக்கல. கோடு போட்டாவ, அவ்வளவுதான். இவளுக்குக் குடுத்து வச்சிருக்கு. அவளே சொல்லட்டு" என்றார்.

அவள் வெகு நேரம் கழித்துச் சொன்னாள். "சாணி வாருத எடம் போதும்." கொஞ்சம் நிறுத்தி, "நம்ம அங்க போவலன்னா வெள்ளைக்கு ஆரு மருந்து போடுவா, மாமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நல்ல பள்ளியைத் தேர்ந்தெடுத்தால் நம் பிள்ளை பிழைத்துக்கொள்ளும். விட்டுவந்த இடத்துக் குதிரைக்கு அதனால் ஒன்றும் ஆகிவிடாது.

ஒரு மாதம் கழித்துப் போன் செய்தேன். இரண்டு வாரச் சாணி முடிந்து இப்போது கயிற்றில் சுற்றிக்கொண்டிருக்கிறாளாம். பழுப்புக் குதிரைகளில் மூத்தது அவளைக் கண்டால் தானே காலைத் தூக்கிக் கொடுக்கிறதாம். ஒருமுறை விழுந்து முழங்கை சிராய்த்ததை அக்காளுக்குத் தெரியாமல் என்னிடம் மட்டும் சொன்னாள். வெள்ளையைப் பற்றி நானாகக் கேட்கவில்லை. அவளே சொன்னாள். தாத்தாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தாளாம். கட்டியிருந்த இடம் காலி. விற்றுவிட்டார்களாம். யாருக்கு, எந்த ஊருக்கு என்று சொல்லவில்லை.

"எல்லைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமான்னுகூடச் சொல்லல மாமா" என்றாள்.