பூட்டிய பெட்டிகள்

"அம்பது வயசுல வேலையை விட்டுடலாமுங்களா?" கோவையில் நிதி ஆலோசகராக இருக்கும் என்னிடம் இருபது ஆண்டுகளாக அதிகம் பேர் கேட்ட கேள்வி இதுதான். கேட்பவர் சொத்துப் பட்டியலோடு வருவார். நான் முதலில் கேட்பது போன வருடத்துச் சமையலறைக் காலண்டரை. பால் கணக்கு, சிலிண்டர் வந்த தேதி, சீட்டுப் பணம், மொய் வைத்த கல்யாணம் எல்லாம் அதில் இருக்கும். வாயால் சொல்லும் செலவைவிடக் காலண்டர் சொல்லும் செலவு எப்போதும் கூடுதல்தான்.

மாதம் 50,000 ரூபாய் என்று வருகிறது என வைத்துக்கொள்வோம். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 12 ஆண்டுகளில் அது ஒரு லட்சம். அடுத்த 12 ஆண்டுகளில் இரண்டு லட்சம். ஐம்பதில் வீட்டுக்கு வருபவர் 74 வயதில் மாதம் இரண்டு லட்சம் செலவழிக்க வேண்டியிருக்கும். இதைத் தாளில் எழுதிக் காட்டியதும் பலர் ஒரு நிமிடம் பேசுவதில்லை.

மொத்தத் தொகை போதுமென்றே வைத்துக்கொண்டாலும், அது எந்த வயதில் கைக்கு வரும் என்பதில்தான் திட்டங்கள் சறுக்குகின்றன. நம் சேமிப்புகள் ஒவ்வொன்றும் ஒரு தேதியில் திறக்கும் பெட்டி. பி.எஃப். ஓய்வூதியம் 58இல் தொடங்கும். ஐம்பதிலேயே வாங்கலாம், ஆனால் முன்கூட்டி வாங்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் குறையும். அதுவும் பெரிய தொகையல்ல. 15,000 ரூபாய் உச்சவரம்பில் கணக்கிட்டால், 25 ஆண்டுகள் உழைத்தவருக்கும் மாதம் 6,000 ரூபாயை எட்டாது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்குப் பொதுவாக 60 வயது ஆகவேண்டும், வி.ஆர்.எஸ். வாங்கியவருக்கு 55. பி.பி.எஃப். கணக்கு முதிர 15 ஆண்டுகள். ஆக, ஐம்பதுக்கும் அறுபதுக்கும் நடுவே எந்த மாதம் எந்தப் பெட்டியிலிருந்து பணம் வரும் என்று ஆண்டுவாரியாக எழுதாத திட்டத்தை நான் திட்டமாக ஏற்பதில்லை.

மருத்துவக் காப்பீடும் இந்த இடைவெளியில்தான் கைவிடும். அலுவலகம் தரும் பாலிசி வேலையோடு முடிந்துவிடும். புதிதாக எடுத்தாலோ, ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று ஆண்டுகள் வரை காத்திருக்க நேரலாம். அதனால் வேலையில் இருக்கும்போதே சொந்த பாலிசி ஒன்றை எடுக்க வைக்கிறேன்.

தொழிலுக்கு வந்த புதிதில் சராசரி லாபத்தை வைத்தே கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கை நம்பி 2007 கடைசியில் ஒருவர் வேலையை விட்டார். 2008 ஜனவரியில் 21,000ஐத் தொட்ட சென்செக்ஸ் அக்டோபரில் 9,000க்கும் கீழே போனது. மளிகைக்கும் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கும் அவர் மாதாமாதம் ஃபண்டு யூனிட்டுகளை விற்றார். சந்தை பின்னால் ஏறியது; ஏறியபோது அவரிடம் யூனிட்டுகள் பாதிகூட இல்லை. திரும்ப வேலைக்குப் போனார். அவர் முகம் இன்றும் எனக்கு மறக்கவில்லை. ஓய்வின் முதல் சில ஆண்டுகளில் வரும் சரிவு பின்னால் வரும் சரிவைப் போன்றதல்ல என்பதை அவருடைய இழப்பில்தான் படித்தேன். அன்றிலிருந்து, மூன்று ஆண்டுச் செலவு வங்கி டெபாசிட்டில் தனியாக இல்லாத யாரையும் வேலையை விடச் சொன்னதில்லை.

சென்ற மாதம் ஒரு தம்பதி வந்தார்கள். கணவருக்கு 49 வயது. ஐம்பதுக்குக் கணக்கு இடிக்கிறது, 54 என்றால் சரியாக வருகிறது. அவர் தாளை மடித்துவிட்டார். அதுவரை பேசாமலிருந்த மனைவி கேட்டார்: "இனிமே சேர்க்க வேண்டாமுங்க. இருக்கறதைத் தொடாம, வீட்டுச் செலவுக்கு மட்டும் இவரு சம்பாதிச்சாப் போதும்னா எப்படி வருமுங்க? வாரத்துல மூணு நாள் வேலை பார்த்தாக்கூடப் பரவாயில்லீங்க."

அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டும். புதுத் தாள் எடுத்தேன். கணவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.