பின்னால் 58 கிலோ

கொடைக்கானல் மேல்மலையில் டென்ட் அடித்துத் தங்குவதற்காக நான் எழுதிய பட்டியல் இன்னும் நோட்டில் இருக்கிறது. கிளட்ச் கேபிள், ஸ்பார்க் பிளக், பஞ்சர் கிட், கேஸ் அடுப்பு, என் ஜாக்கெட், என் கையுறை, மடக்கு நாற்காலி, கேமரா ஸ்டாண்ட். கடைசி வரி: ‘பின்னால் 58 கிலோ’. அது என் மனைவி. பின்பக்க சஸ்பென்ஷனை எவ்வளவு இறுக்குவது, டயரில் எவ்வளவு காற்று வைப்பது என்று பார்க்க அவள் எடையைக் குறித்திருக்கிறேன். அவளுக்கு என்ன வேண்டும் என்று அந்தத் தாளில் ஒரு சொல் கிடையாது.

மறதி என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் கிளட்ச் கேபிளை மறக்காதவன் மனைவியை மறந்தேன் என்றால் யார் நம்புவார்கள்? நான் யோசித்தேன், யோசித்துத்தான் செலவைக் குறைத்தேன். எனக்கு முகம் முழுக்க மூடும் ஹெல்மெட். கன்னத்தில் சரியாக அழுத்துகிறதா என்று கடையில் நாலைந்தைப் போட்டுப் பார்த்து வாங்கியது. அவளுக்குத் தாடை திறந்திருக்கும் 900 ரூபாய் ஹெல்மெட். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு, ஓட்டுகிறவரையும் பின்னால் உட்கார்ந்து வருகிறவரையும் ஒன்றாகவே வைத்துத் தலைக்கவசம் அணியச் சொல்கிறது. என்னுடையதை நான் விபத்தை நினைத்து வாங்கினேன். அவளுடையதைப் போலீஸை நினைத்து வாங்கினேன்.

ஜாக்கெட்டும் அப்படித்தான். தோள், முழங்கை, முதுகு மூன்றிலும் அடி தாங்கும் பேட் வைத்தது எனக்கு. அவளுக்கு என் பழைய ஸ்வெட்டர், அதன்மேல் ஒரு சால்வை. பறக்கும் துணி பின்சக்கரத்தில் சிக்கினால் கழுத்துக்கு என்ன ஆகும் என்று நண்பர்களுக்கு எடுத்துச் சொல்கிற ஆள் நான். அந்த வாயால்தான் “சால்வையைப் போத்திக்க, போதும்” என்றேன்.

மதுரையிலிருந்து வத்தலக்குண்டு வரை வெயிலில் ஒன்றும் தெரியவில்லை. மலைப்பாதை தொடங்கியதும் நிலைமை மாறியது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. கொடைக்கானல் ஊரே 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஓட்டுகிறவனுக்குக் கையும் காலும் தோளும் வேலை செய்துகொண்டே இருக்கும், ஒவ்வொரு வளைவிலும் உடம்பு சூடாகும். பின்னால் இருப்பவருக்கு அசைவே இல்லை. அதனால் அவருக்குத்தான் சீக்கிரம் குளிரும். நல்ல உடுப்பு யாருக்கு வேண்டும் என்று நியாயமாகப் பார்த்திருந்தால், அந்த ஜாக்கெட்டின் உள் லைனிங்கையாவது கழற்றி அவளுக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

சாமான் கட்டிய விதத்தையும் சொல்லிவிடுகிறேன். கனமானதைத் தாழ்வாகவும் வண்டியின் நடுப்பகுதிக்கு நெருக்கமாகவும் வைக்க வேண்டும். பின் அச்சுக்கு அப்பால் எடை தொங்கினால் முன்சக்கரம் லேசாகி ஹேண்டில் அலையும். இந்த விதியை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தேன். டென்ட்டும் பாத்திரப் பையும் பின்னால் தள்ளிவிடாமல் இருக்க, அவள் சீட்டின் மீதே முன்னுக்கு இழுத்துக் கட்டினேன். அவளுக்கு மிஞ்சியது ஒரு சாண் இடம். பிடித்துக்கொள்கிற கம்பியை சாடில் பேக்கின் வார்கள் மறைத்துவிட்டன. வண்டியின் சமநிலை பிரமாதமாக இருந்தது. பெருமாள்மலை வரைக்கும் அவள் என் இடுப்பு பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பிடி இறுகியதை உணர்ந்தேன், நிறுத்திக் கட்டை மாற்றவில்லை. வெளிச்சம் போவதற்குள் மன்னவனூர் சேர வேண்டும் என்பதுதான் மனசில் ஓடியது.

மேல்மலையில் காட்டுக்குள் நினைத்த இடத்தில் தங்க முடியாது, வனத்துறை விடாது, விடவும் கூடாது. மன்னவனூர்ப் பக்கம் ஒருவருடைய பட்டா நிலத்தில் கேட்டுத்தான் கூடாரம் அடித்தோம். தை மாதம். அந்தப் பள்ளத்தில் விடிகாலையில் புல்மேல் உறைபனி படியும் காலம்.

இந்தக் குறிப்பை எழுத உட்கார்ந்ததே அந்த இரவுக்காகத்தான். ஸ்லீப்பிங் பேக்கின் லேபிளில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று கம்ஃபர்ட், இன்னொன்று லிமிட். சர்வதேசத் தரச் சோதனையில் முதல் எண்ணைச் சராசரிப் பெண்ணின் உடலை வைத்தும், இரண்டாவதைச் சராசரி ஆணின் உடலை வைத்தும் கணக்கிடுகிறார்கள். லிமிட் என்பது, ஓர் ஆண் உடலைச் சுருட்டிக்கொண்டு எப்படியோ தூங்கிவிடக்கூடிய அளவு. ஒரு பெண் நிம்மதியாகத் தூங்க முதல் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். நான் இதைப் படித்திருந்தேன். எங்களிடம் இரண்டு பைகள் இருந்தன. தடித்ததை நான் எடுத்துக்கொண்டேன். லிமிட் 5 டிகிரி என்று போட்டிருந்த மெல்லிய பையை அவளிடம் கொடுத்து, “அஞ்சு டிகிரி வரைக்கும் தாங்கும், பயப்படாத” என்றேன். அவள் நம்பினாள். “சரிங்க” என்றாள்.

தரைக்கு விரிப்பதிலும் பாரபட்சம். உடம்பின் எடையில் பையின் அடிப்பஞ்சு நசுங்கிவிடும், அங்கே சூடு நிற்காது; கீழே விரிக்கும் மெத்தைதான் தரைக்குளிரைத் தடுக்கும். காற்று ஊதும் மெத்தை ஒன்றுதான் வாங்கியிருந்தேன். “நாள் முழுக்க ஓட்டினவருக்கு முதுகு வலிக்கும்” என்று அவளே சொல்லி, யோகா விரிப்பில் படுத்துக்கொண்டாள். நான் மறுக்கவில்லை. ராத்திரி முழுக்க அவள் புரண்டுகொண்டிருந்தது எனக்குக் கேட்டது. விழித்திருந்தேன். பையை மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். சொன்னால் நான் வெளியே வர வேண்டும், அந்தக் கதகதப்பு போய்விடும். தூங்குகிற மாதிரி இருந்தேன்.

காலையில் அவள் விரல்கள் மடங்கவில்லை. ஹெல்மெட் வாரை நான்தான் மாட்டிவிட்டேன். திரும்புகிற வழியில் பூம்பாறையில் டீ குடித்தபோது டம்ளரை இரண்டு கையாலும் பொத்தி வைத்திருந்தாள். குறை சொல்லி ஒரு வார்த்தை வரவில்லை. வந்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், அதுவும் தெரியும்.

அடுத்த பயணத்துக்கு நாள் குறித்தபோது, “நீங்க மட்டும் போயிட்டு வாங்க” என்றாள். அந்த நொடியில் எனக்கு வருத்தம் வரவில்லை. பின்சீட்டில் டென்ட்டைக் குறுக்காகக் கட்டலாம், நாற்காலியோடு பெரிய அடுப்பையும் எடுத்துப் போகலாம் என்றுதான் தோன்றியது. தோன்றிய பிறகுதான், பட்டியலில் அவளை நான் எப்படி எழுதியிருந்தேன் என்று நோட்டைப் புரட்டிப் பார்த்தேன்.

அந்த லேபிள் விஷயத்தை அவளிடம் சொல்லிவிட்டேன். “அன்னைக்கே தெரியுமா?” என்று கேட்டாள். தெரியும் என்றேன். விழித்துக்கொண்டு படுத்திருந்ததையும் சொன்னேன். அதற்குத்தான் அதிகம் கோபப்பட்டாள், சில நாள் பேசவில்லை. கோபம் நியாயமானது.

பிறகு அவளைக் கடைக்குக் கூட்டிப்போனேன். ஹெல்மெட்டை அவளே போட்டுப் பார்த்து எடுத்தாள். ஜாக்கெட்டில் பெண்களுக்கான அளவு கிடைக்கக் கொஞ்சம் அலைய வேண்டியிருந்தது. ஆண்கள் ஜாக்கெட்டின் சின்ன அளவைப் போட்டால் முழங்கை பேட் முழங்கையில் நிற்காமல் நகர்ந்துவிடுகிறது. பில் போடும்போது என் பார்வை முதலில் விலைச்சீட்டுக்குத்தான் போனது. என்னுடையதை வாங்கிய அன்று அப்படிப் போகவில்லை. பூஜ்யம் டிகிரி கம்ஃபர்ட் போட்ட ஸ்லீப்பிங் பேக்கும் ஒரு மெத்தையும் அவளுக்கென்று வாங்கியாயிற்று. எடையை ஈடுகட்ட நாற்காலியையும் கேமரா ஸ்டாண்டையும் விட்டுவிட்டேன். வருகிற தை மாதத்துக்கு வருகிறாயா என்று கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள்.