திருப்பிப் பெருக்குவதற்கு முன்

பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கச் சொன்னால், எங்கள் நானுஓயாப் பிள்ளைகள் கேள்வி முடியுமுன்பே “திருப்பிப் பெருக்கு” என்பார்கள். ஏன் திருப்பணும்? பதில் வராது.

பகுதியைச் சமப்படுத்தினால் காரணம் கண்ணுக்கே தெரியும். முக்கால் கிலோ தேயிலைத்தூளை அரைக்கால் (1/8) கிலோ பக்கெட்டுகளாகக் கட்டுகிறோம். 3/4 என்பது 6/8. ஆறு எட்டிலொன்றுக்குள் எட்டிலொன்று எத்தனை? 6 பக்கெட். சரியாகப் போகாவிட்டாலும் பயமில்லை: 2/3 ÷ 3/4 என்றால் 8/12 ÷ 9/12, விடை 8/9. பன்னிரண்டுக்கு அங்கே வேலை முடிந்தது; மிஞ்சிய 8 என்பது 2×4, 9 என்பது 3×3, திருப்பிப் பெருக்கினாலும் வருவது இதுதான்.

(பரீட்சையில் திருப்பியே போடட்டும், அதுதான் வேகம்.)

பழந்தமிழ்க் கணக்கின் பின்னங்களையும் இதேபோலச் சமப்படுத்தலாம். அதில் முந்திரி என்றால் 1/320. கால் 80 முந்திரி, அரைக்கால் 40, மாகாணி 20. முக்காலை மாகாணியால் வகுக்கணுமா? 240-ஐ 20-ஆல் வகுங்கள்: 12.