அடி தெரிய நாலு நாள் ஆகும்

2025 ஜூனில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாங்காய் விலை சரிந்து விவசாயிகள் தவித்த செய்திகள் தொடர்ந்து வந்தன. எல்லாம் விலை பற்றிய பேச்சுதான். காயை மரத்திலிருந்து இறக்குகிறவர்களைப் பற்றி நான் படித்தவற்றில் ஒரு வரி இல்லை. போச்சம்பள்ளிப் பக்கம் தோப்பு வைத்திருக்கும் நண்பரிடம் குறைப்பட்டுக்கொண்டேன். "செந்தூரா இறக்கும்போது வாங்க, நேரிலேயே பாருங்க" என்றார். அடுத்த மே மாதம் போனேன்.

வெயில் ஏறுவதற்குள் வேலை மும்முரமாகியிருந்தது. சூடேறிய காய் சீக்கிரம் வாடும், சீக்கிரம் கெடும் என்பதால் காலையிலேயே இறக்கத் தொடங்கிவிடுகிறார்கள். முன்னால் நின்றவர் அறுபதைத் தாண்டிய பெரியவர். "சிவப்பைப் பாத்துப் பறிக்கக் கூடாது தம்பி. வெயில் படுற பக்கம் பிஞ்சுகூடச் சிவக்கும். தோளைப் பாருங்க" என்றார். காம்பைச் சுற்றித் தோள் புடைத்து, காம்பு சற்றே குழியில் அமர்ந்திருந்தால் முற்றிய காய். சந்தேகம் வந்தால் வாளித் தண்ணீரில் போட்டுப் பார்க்கிறார். முற்றியது அமிழ்கிறது, இளசு மிதக்கிறது.

அவர் கையிலிருந்த தொரட்டி அவரே செய்தது. நீண்ட மூங்கில் கழி, நுனியில் இரும்பு வளையம், வளையத்தின் வாயில் பட்டறையில் அடித்து வாங்கிய சிறு கத்தி, கீழே நைலான் வலைப்பை. காயை வளையத்துக்குள் வாங்கி, கத்தியைக் காம்பில் வைத்து மணிக்கட்டை ஒரு திருப்பு திருப்புகிறார். விரல்கணு நீளக் காம்போடு காய் வலைக்குள் இறங்குகிறது. அந்தக் காம்பில்தான் விஷயம் இருக்கிறது. காம்பு அடியோடு பிய்ந்தால் பால் பீறிட்டுத் தோலில் வழியும். பட்ட இடம் வெந்து கறுத்துவிடும். பிறகு கழுவினாலும் போகாது. அதனால் பெண்கள் நிழலில் உட்கார்ந்து காம்பைச் சிறிதாக நறுக்கி, பால் வடிய, காயைத் தலைகீழாக வைக்கோலில் அடுக்குகிறார்கள்.

இளவயதில் அவரும் மரமேறிக் கிளையை உலுக்கியவர்தான். குத்தகைக்காரர் அவசரப்படுத்த, ஒருநாள் கிளை முறிந்து விழுந்து வலது மணிக்கட்டு உடைந்தது. வைத்தியத்துக்கு யாரும் பணம் தரவில்லை. அந்த சீசன் முழுக்கக் கூலி இல்லை. கை கூடியபின் மரமேற முடியாமல் தரையில் நின்றபடியே பறிக்கப் பழகினார். "உலுக்குறவன் ரெண்டு மரம் முடிக்கிற நேரத்துல எனக்கு ஒண்ணுதான் ஆகும். ஆனா என் காய் கெடாது" என்றார். மகன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். தொரட்டி பிடிக்க ஊரில் இளைஞர்கள் வருவதில்லை.

நான்கு நாள் முன்பு உதிர்ந்து விழுந்த காய் ஒன்றையும், அதே நாளில் அவர் பறித்த காய் ஒன்றையும் எடுத்துவைத்திருந்தார். வெளியே இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. விழுந்த காயின் கன்னத்தில் மங்கலான திட்டு ஒன்று, அவ்வளவே. அறுத்தார். பறித்த காயின் சதை மஞ்சள் பிடித்துக் கெட்டியாக இருந்தது. விழுந்ததில் திட்டுக்கு நேர் கீழே சதை பழுப்பேறி, நீர் கோத்து, புளித்த வாடை அடித்தது. "பறிச்ச அன்னைக்கு ஒண்ணும் தெரியாது. அடி தெரிய நாலு நாள் ஆகும்" என்றார்.

அடி விழுந்த இடத்தில் செல்கள் உடைகின்றன. உள்ளே தனித்தனியாக இருந்த நொதியும் பீனால் சேர்மங்களும் காற்றோடு கலக்கச் சதை பழுப்பாகிறது. காயம்பட்ட காய் வேகமாக மூச்சு விடுகிறது, எத்திலீனையும் அதிகம் வெளியிடுகிறது. அது பெட்டியிலுள்ள மற்ற காய்களையும் முந்திப் பழுக்கவைக்கிறது. தோலில் ஏற்கெனவே உறங்கிக்கிடக்கும் ஆந்த்ராக்னோஸ் பூஞ்சை, பழம் கனிந்ததும் கரும்புள்ளியாகக் கிளம்புகிறது.

முற்றிய காய் அறை வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு வாரத்தில் பழுக்கும். 13 டிகிரி குளிரில் இரண்டு, மூன்று வாரம் தாங்கும். 10 டிகிரிக்குக் கீழே வைத்தால் தோல் சாம்பல் பூத்து, ஒரு பக்கம் பழுத்து மறுபக்கம் பழுக்காமல் நிற்கும். குளிர் கெடுதலைத் தள்ளிப்போடும். பட்ட அடியை ஆற்றாது. கூழ் ஆலைக்குப் போகும் தோத்தாபுரி ரகத்தின் கதை வேறு. அங்கே தோலழகை யாரும் பார்ப்பதில்லை.

அவசரக்காரர்கள் இளங்காயையும் சேர்த்து இறக்கிக் கார்பைடு கல் வைக்கிறார்கள். நிறம் வரும், இனிப்பு வராது. 2011 உணவுப் பாதுகாப்பு விதிகளில் தடை செய்யப்பட்ட கல் அது, ஆர்சனிக் கலந்திருக்கக்கூடியது. 100 பிபிஎம் வரை எத்திலீன் வாயுவைப் பயன்படுத்த 2016-இல் அனுமதி வந்தும் கல் ஒழியவில்லை.

எனக்குக் கோபம் வருவது கணக்கைப் பார்க்கும்போதுதான். பூ விட்டதும் குத்தகைக்காரர் முன்பணம் கொடுத்துத் தோப்பைப் பிடிக்கிறார். இரண்டு, மூன்று தடவையாக முற்றிய காயை மட்டும் எடுக்கக் கூலி கொடுக்க மனமில்லாமல் ஒரே நாளில் மொட்டையடிக்கிறார். விவசாயி சொந்தமாகக் கொண்டுபோனால் மண்டியில் எடை போடும்போதே டன்னுக்கு இவ்வளவு கழிவு என்று பிடித்துக்கொள்கிறார்கள் என்றார் நண்பர். காய் கெட்டதா, கெடவில்லையா என்று பார்ப்பதே இல்லை. காம்போடு வந்த காய்க்கும் உலுக்கி வந்த காய்க்கும் ஒரே விலை, ஒரே கழிவு. அப்படியிருக்கப் பெரியவரின் நிதானத்துக்கு எந்த விவசாயி கூடுதல் கூலி கொடுப்பார்? மண்டித் தரகருக்கு நட்டமில்லை. அடி தெரியவரும் நாளில் பழம் வாங்கியவர் வீட்டில் இருக்கிறது.

மண்டிகளில் கண்மூடித்தனமான கழிவை நிறுத்த வேண்டும். காம்போடு, அடிபடாமல் வரும் காய்க்குத் தனி விலை வைக்க வேண்டும். வலைத்தொரட்டியும் பிளாஸ்டிக் பெட்டியும் சிறு விவசாயிக்கு மானியத்தில் கிடைக்க வேண்டும். நாமும் கடையில் பழத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பதை விடுவோம். காம்புள்ள காயைக் கேட்டு வாங்குவோம். அதற்கு ஐந்து ரூபாய் கூடக் கேட்டால் பேரம் பேசாமல் கொடுங்கள். அந்தப் பணம் பறித்தவர் கைவரை போகிறதா என்றும் கேளுங்கள்.